உப்புப் பார்த்தவள்

ஒன்பது வயதில் என்மேல் ஒரு பழி விழுந்தது. பெற்ற அப்பனுக்குப் போட வேண்டிய படையலில் பசி தாளாமல் வாய் வைத்தவள் என்ற பழி. ராயபுரத்தில் எங்கள் சந்தோடு அது நிற்கவில்லை. அம்மா பிறந்த நெட்டுக்குப்பம் வரைக்கும் போயிருந்தது. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும், விசேஷ வீடுகளில் பந்தி போடும்போது யாராவது ஒரு கிழவி என்னைக் காட்டி, இவளை முதலில் உட்கார வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அண்டாவிலேயே கையை விட்டுவிடுவாள் என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரித்து வைப்பேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு உண்மையைச் சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. அன்றைக்கு வாய் வைத்தது நான் இல்லை.

எங்கள் வீடு மீன் வீடு. அப்பாவின் அக்காவான என் அத்தை காசிமேட்டிலிருந்து கூடை சுமந்து வந்து தெருத்தெருவாக மீன் விற்பவள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து எங்களோடு இருந்தாள். அப்பாவின் அண்ணனான பெரியப்பா, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. அம்மாவோ கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். காய்கறி என்று எங்கள் அடுப்பில் ஏறியதெல்லாம் கத்தரிக்காயும் மாங்காயும் முருங்கைக்காயும்தான். அவையும் கருவாட்டுக்குத் துணையாகப் போனவையே தவிர, தனியாக மரியாதை பெற்றவை அல்ல.

அம்மா மூக்கால் சமைப்பவள். சட்டி கொதிக்கும்போது முகத்தை ஒரு தரம் ஆவிக்கு நேரே கொண்டுபோவாள், உப்பு போதுமா போதாதா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து நான் கண்டதே இல்லை. நாக்கில் படாமலே இவளுக்கு உப்பு தெரியும் என்று அத்தை மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவாள். தன் தம்பி பெண்டாட்டியை அத்தை நேருக்கு நேர் மெச்சி நான் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால்தான் எல்லாப் பெருமையும்.

காய்கறி எங்கள் நைனாவின் இலாகா. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சரக்குக் கப்பலில் பண்டாரி, அதாவது கப்பல் ஆட்களுக்குப் பொங்கிப் போடுகிற சமையல்காரர். ரங்கூன், பினாங்கு என்று போனால் மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் வருவார். வந்த மறுநாள் விடியற்காலையில் கொத்தவால்சாவடிக்குப் போய் ஒரு கோணி நிறையக் காயோடு திரும்புவார். அதிலும் புரட்டாசியில் வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. ஆடியில் விதைத்ததெல்லாம் காய்த்து பொன்னேரி, சோழவரம் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்குகிற மாதம் அது. பரங்கிக்காய், அவரைக்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு எல்லாவற்றையும் முற்றத்தில் கொட்டி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே அரிவாள்மனையில் உட்காருவார். ஆம்பளை அடுப்பு ஊதுகிறான் என்று சந்துப் பெண்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள். வந்தவர்கள் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். அவர் ஒவ்வொன்றையும் நாலு தரம் ருசி பார்ப்பார். நாற்பது பேருக்கு ஆக்குகிறவன் வாயில் விடாமல் இறக்கினால் கப்பலிலிருந்து தூக்கிக் கடலில் போட்டுவிடுவார்கள் என்று அம்மாவைச் சீண்டுவார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவர் ஏறிப்போன கப்பல் திரும்பவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கப்பலைப் பற்றித் தகவல் எதுவும் இல்லை என்று கம்பெனியிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. ஆள் செத்தான் என்றும் அதில் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. அந்தக் கடுதாசியை அம்மா அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள். பானையில் பெரும்பாலும் அரிசி இருக்காது. ரேஷனில் போடுகிற சோளத்தையும் கோதுமையையும் இடித்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்த காலம்.

நான் சொல்ல வந்தது யுத்தம் முடிந்த வருஷத்துப் புரட்டாசியை. ஆவணி கடைசியில் பெரியப்பா ஒரு காலை எழுந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். தம்பி கனவில் வந்தானாம். காலித் தட்டை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றானாம், பேசவில்லையாம். அடுத்த வாரமும் அதே கனவு. மூன்றாவது தரம் வந்தபோது அவர் முடிவு செய்துவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தாயிற்று, இனி இவன் வர மாட்டான். மகாளய அமாவாசையன்று பெயர் சொல்லிப் படையல் போட்டுவிட வேண்டும். நாலு வருஷமாக அவனைப் பட்டினி போட்ட பாவம் போதும் என்றார். பெரியப்பா கெட்டவர் இல்லை. நைனாவைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்.

அம்மா அவரிடம் நேராகப் பேச மாட்டாள், கதவுக்குப் பின்னால் நின்று அத்தையிடம்தான் சொல்லுவாள். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னாள்.

"பசின்னு வந்து நின்னா செத்துட்டாருன்னு அர்த்தமா அண்ணி? உசுரோட கீறவங்களுக்கும்தான் பசிக்கும். இத்த அவராண்ட சொல்லு."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

படையல் போடுவதென்றால் என்ன என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். பெயர் சொல்லி இலை போட்டு, காக்கை வந்து எடுத்துவிட்டால் நைனா செத்தது உறுதி. அன்று சாயங்காலமே நாலு பெண்கள் கூடி அம்மாவின் கழுத்தில் இருப்பதைக் கழற்றி விடுவார்கள். அதற்குப் பிறகு தெருக்கோடியில் நின்று துறைமுகத்துப் பக்கம் பார்க்க அம்மாவுக்கு ஒரு காரணமும் மிஞ்சாது. பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் ஆட்கள் அப்போதும் ஒவ்வொருவராக வந்துகொண்டுதான் இருந்தார்கள், எலும்பும் தோலுமாக, அடையாளம் தெரியாமல். அடுத்த தெருவில் ஒருவன் தன் வீட்டு வாசலிலேயே நின்று, இது இன்னார் வீடுதானா என்று கேட்டான். அதனால் அம்மாவைப் பைத்தியக்காரி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இதெல்லாம் ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. படையல் என்றால் அரிசிச் சோறு, ஐந்து வகைக் காய், பாயசம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

தெரிந்ததனால் நான் சும்மா இருக்கவில்லை. படையல் போடலாம் அம்மா, போடலாம் அம்மா என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலைந்தேன். நைனாவுக்குப் பசிக்குதாமே என்றும் சொன்னேன். எனக்குப் பசித்ததைத்தான் அப்படிச் சொன்னேன் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். அம்மா என் கையை விலக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அத்தை இரண்டு நாள் அம்மாவோடு பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நீ ஆக்கிக் கொடுத்தால் போதும், பெயர் சொல்வதும் மற்றதும் அண்ணன் பாடு என்றாள். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அமாவாசைக்கு முதல் நாள் காலையில், புதுச் சட்டி வேண்டும், மீன் சட்டியில் ஆக்க முடியாது என்றாள். பெரியப்பா முகம் தெளிந்தது. அவரே போய் ஒரு புது வேட்டி வாங்கி வந்தார், இலைக்குப் பக்கத்தில் வைப்பதற்கு. ரேஷன் அரிசி எத்தனை வீட்டில் கெஞ்சி வாங்கினாரோ தெரியாது, ஒரு படி தேறியது.

காய் வாங்க அத்தையோடு நானும் போனேன். மீனை விரலால் அமுக்கிப் பார்த்தே அது எத்தனை மணிக்குக் கரை ஏறியது என்று சொல்கிறவள், காய்கறிக் கடையில் திருதிரு என்று விழித்தாள். அவரைக்காயை மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். கடைக்காரன் சிரித்ததும் அவளுக்குக் கோபம் வந்து, இன்னா சிரிப்பு, நாறுதா இல்லியான்னு பாக்க வாணாவா என்றாள். இறந்தவர்களுக்கு இங்கிலீஷ் காய் ஆகாது என்பதால் முட்டைக்கோசையும் உருளைக்கிழங்கையும் தாண்டிப் போனோம். ஒரு பரங்கிக்காய்க் கீற்று என் இடுப்பளவு இருந்தது, அதை நான்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். வாழைக்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, அகத்திக்கீரை எல்லாம் அத்தையின் கூடையில். மீன் கூடையைச் சாம்பல் போட்டு நாலு தரம் கழுவி வெயிலில் காய வைத்திருந்தாள். அப்படியும் வழி நெடுக ஒரு பூனை எங்கள் பின்னாலேயே வந்தது.

அமாவாசையன்று காலையில் யாரும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு தொடவில்லை. பெரியப்பா கடலில் முழுகி வரப் போனார். அம்மா தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு அடுப்பு மூட்டினாள். எங்கள் அரிவாள்மனையைப் புளி போட்டு மூன்று தரம் தேய்த்தும் மீன் வாடை போகவில்லை, கடைசியில் எதிர் வீட்டில் இரவல் வாங்கினோம். அம்மாவுக்குக் காய் நறுக்கத் தெரியவில்லை. பரங்கிக்காயை வஞ்சிர மீன் போலக் கனமான துண்டுகளாக வெட்டினாள். வாழைக்காயை வகிர்ந்து, வயிற்றைச் சுத்தம் செய்கிறவள் போல உள்ளே பார்த்தாள்.

அத்தை என் கையில் ஒரு விசிறிமட்டையைக் கொடுத்து அடுப்பங்கரை வாசலில் நிறுத்தினாள்.

"பூனையும் வாய வெக்கக் கூடாது, மன்சனும் வெக்கக் கூடாது. காக்கா எடுக்கற வரிக்கும் யாரு நாக்குலயும் ஒரு சொட்டு படக் கூடாது. பட்டுதுன்னா எச்சி. எச்சிய உங்க நைனா தொட மாட்டான்."

எனக்குப் பொறுப்பு கொடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. நான் போலீஸ்காரனைப் போல நிமிர்ந்து நின்றேன். வயிறு ஒரு பக்கம் கூவிக்கொண்டிருந்தது. முதலில் பரங்கிக்காய்க் குழம்பு, மொச்சையும் தேங்காயும் சேர்த்து. அப்புறம் அவரைக்காய்ப் பொரியல், வாழைக்காய் வறுவல், பருப்பு போட்ட அகத்திக்கீரை, புளியில் வேக வைத்த சேப்பங்கிழங்கு, கடைசியில் பாயசம். மீன் வாடையிலேயே ஊறிப்போன அந்த அடுப்பங்கரையில் அப்படி ஒரு வாசனை நைனா போன பிறகு வந்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. பசியில் வந்ததா நைனாவை நினைத்து வந்ததா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியாது.

அம்மா குழம்பை இறக்கப் போகிறவள், நின்றாள். ஆவிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகவில்லை. கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு, ஊதி, நாக்கில் வைத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். காய் சமைத்துப் பழக்கமில்லாதவள், கை தவறிவிட்டது. கூப்பிட்டுச் சொல்வதற்குள் அவள் பொரியலில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். பிறகு வறுவல். பிறகு கீரை. சேப்பங்கிழங்குக்கு வந்தபோது மறதி என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது. பசி தாங்க முடியாமல் திருடித் தின்கிறாள் என்று தோன்றியது. பாயசத்தையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் வாயில் வைத்துக் கண்ணை மூடி நிதானமாக விழுங்கினாள். கீரைக்கு ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கிண்டி, மறுபடியும் எடுத்து ருசி பார்த்தாள். நான் நிற்பதை அவள் பார்க்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

எனக்கு அம்மாமேல் வந்தது கோபம் என்று சொல்வதைவிட வெட்கம் என்று சொல்லலாம். நான் கூடப் பொறுத்துக்கொண்டு நிற்கிறேன், பெரியவள் இவளால் முடியவில்லையே. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நாலு வருஷம் கழித்து நைனா பசியோடு வந்து உட்கார்ந்து, எச்சில் என்று கண்டுபிடித்து எழுந்து போய்விட்டால்? முற்றத்தில் இலையைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடினேன். பெரியப்பா கடலிலிருந்து வந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் அத்தையின் காதோடு சொன்னேன்.

"அம்மா எல்லாத்தியும் நக்கிப் பாத்துடிச்சி அத்தை."

அத்தை என்னை முறைத்தாள். இலையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன், எதிர்பார்த்த சண்டையைப் பார்ப்பதற்கு. அத்தை வாயைத் திறந்தால் மூன்று சந்துக்குக் கேட்கும். ஆனால் அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"உப்பு பாத்தியா?"

"பாத்தேன்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும் பாத்தேன் அண்ணி. எம் புருசனுக்கு ஆக்கினேன், உப்பு பாத்து ஆக்கினேன்."

அம்மா அடுப்பைப் பார்த்தபடியேதான் சொன்னாள். அவள் கை மட்டும் முந்தானை முனையைத் திருகிக்கொண்டிருந்தது. வெளியே பெரியப்பா, இலை எங்கே என்று கேட்கும் குரல் கேட்டது. அத்தை முட்டி போட்டு அடுப்பின் எதிரில் உட்கார்ந்து, மீன் செதில் வடு நிறைந்த தன் உள்ளங்கையை நீட்டினாள்.

"எனக்கும் ஊத்து."

அம்மா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். கரண்டியில் குழம்பை எடுத்து அந்தக் கையில் விட்டாள். அத்தை நக்கினாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. காரம் அதிகம்போல என்று நான் நினைத்தேன். பரங்கிக்கா நல்லா வெந்துகீது என்று சொல்லிவிட்டு அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்தவள் என் கையிலிருந்த இலையைப் பிடுங்கினாள். பெரியப்பாவிடம் அவள் சொன்னதை நான் நின்ற இடத்திலிருந்து தெளிவாகக் கேட்டேன்.

"வெளக்க மலையேத்து அண்ணா. பொண்ணு வாய வெச்சிட்டா. இந்த வருசம் ஆவாது."

பெரியப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னைப் பார்த்தார். அடிப்பதற்குக் கையை ஓங்கினார், ஆனால் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. ஓங்கிய கை அப்படியே இறங்கி அவர் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. புது வேட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வேள பொறுக்க முடியலியா உன்னால? எந்தம்பி நாலு வருசமா பொறுத்துகினு கீறான்."

நான் இல்லை, நான் இல்லை என்று கத்தினேன். அம்மா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றிருந்தாள். சொல்லு அம்மா, நீதானே என்று அவளைப் பார்த்துக் கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அத்தை, திருடினதும் இல்லாம பெத்தவமேல பழி வேறயா என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். சத்தம் பெரிதாக வந்தது, வலி அவ்வளவு இல்லை. ஆனாலும் ஊரைக் கூட்டி அழுதேன். அந்த அழுகையில்தான் சந்து முழுக்கச் செய்தி தெரிந்தது.

மறுபடி ஆக்க அரிசியும் இல்லை, காயும் இல்லை. ஆக்கியதை வீணாக்கவும் முடியாது. எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியப்பா நாலு கவளத்தோடு எழுந்துவிட்டார். எனக்கும் இலை போட்டு, சோற்று மலைக்கு நடுவில் குழி செய்து பரங்கிக்காய்க் குழம்பை ஊற்றி, என் பங்குக்கு இரண்டு கரண்டி பாயசமும் வைத்தாள் அம்மா. நான் தொடவில்லை. நாலு வருஷம் கனவு கண்ட சோறு கண்ணெதிரில் ஆறிப்போயிற்று; ரோஷம் பசியைவிடப் பெரிதாக இருந்த வயது. அம்மா என்னைக் கெஞ்சவில்லை. தன் இலையில் உட்கார்ந்து, மூன்று தரம் சோறு வாங்கிக்கொண்டு, கீரையை வழித்து வழித்துச் சாப்பிட்டாள். அம்மா அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பெற்ற பெண்ணைத் திருடியாக்கிவிட்டு இவளால் எப்படிச் சோறு தின்ன முடிகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பை வெகுகாலம் மனதுக்குள் வைத்து வளர்த்தேன்.

நானே குடும்பம் நடத்தி, நேரம் கழித்து வருகிற புருஷனுக்குச் சோறு எடுத்து மூடி வைக்கிற காலம் வந்த பிறகுதான் அது என்னவென்று பிடிபட்டது. இறந்தவனுக்கு ஆக்குகிறவள் ருசி பார்க்கக் கூடாது. ருசி பார்த்து ஆக்கினால் அது உயிரோடு இருப்பவனுக்கு ஆக்கிய சாதாரணச் சாப்பாடு. வேண்டாம் என்று வீட்டுப் பெரியவரிடம் சொல்ல அம்மாவுக்கு வாய் இல்லை, நாக்கு ஒன்றுதான் இருந்தது. அவள் வேண்டுமென்றே ருசி பார்த்தாள் என்று தெரிந்தால் பெரியப்பா எதிர் வீட்டில் கெஞ்சியாவது மறுபடி ஆக்க வைத்திருப்பார். விவரம் தெரியாத பிள்ளை என்றால் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த வருஷம் என்று விட்டுவிடுவார். அத்தைக்கு இந்தக் கணக்கைப் போட ஒரு வாய்க் குழம்பு விழுங்கும் நேரம் போதுமானதாக இருந்தது. தம்பி செத்துவிட்டான் என்று நிச்சயமாக நம்பியவள் அவள். ஆனாலும் கையை நீட்டினாள்.

அம்மாவுக்கு அப்படி ஒரு வருஷம் கிடைத்தது. அந்த வருஷம் முழுவதும் யார் திரும்பி வந்தாலும் அம்மா போய்ப் பார்த்தாள், விசாரித்தாள். நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. சித்திரை வெயிலில் ஒரு நாள் திருவொற்றியூரிலிருந்து ஒரு ஆள் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். நைனாவின் கப்பலில் கரி அள்ளிப் போட்டவர், மூன்று வருஷம் எங்கோ கைதியாக இருந்து மீண்டவர். ஒரு காது முழுவதும் தீய்ந்திருந்தது. எனக்கு அது மட்டும்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்னை வெற்றிலை வாங்க அனுப்பிவிட்டு அவர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் திரும்பியபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா எதிரில் உட்கார்ந்து, போதும் போதும் என்று அவர் சொல்லச் சொல்ல மீனை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள். அவர் போன பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகு அவள் தெருக்கோடிக்குப் போய் நின்று நான் பார்க்கவில்லை.

அடுத்த புரட்டாசியில் யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே அம்மா அத்தையைக் கூப்பிட்டு, அமாவாசைக்குக் காய் வாங்கி வர வேண்டும் என்றாள். அத்தை கூடையைக் கழுவினாள். இந்த முறை என்னைக் கடைக்கு அழைத்துப் போகவில்லை, காவலுக்கும் யாரும் நிறுத்தவில்லை. நானாகவே விசிறிமட்டையை எடுத்துக்கொண்டு போய் அடுப்பங்கரை வாசலில் நின்றேன். பழியைத் துடைக்க எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு இது. அம்மாவின் வலது கையை விட்டு என் கண் நகரவில்லை. பரங்கிக்காய் வெந்தது, அவரைக்காய் வெந்தது, கீரை வெந்தது. கரண்டி சட்டிக்கும் சட்டிக்குமாகத்தான் போனது, அம்மா ஒரு தரம்கூட ஆவிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகவில்லை. ஒரு தரம் உள்ளங்கை விரிந்தது போலிருந்தது, நான் மட்டையை இறுக்கிப் பிடித்தேன். அம்மா அந்தக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பெரியப்பா தம்பியின் பெயரைச் சொல்லி இலை போட்டார். மதில்மேல் வைத்த சோற்றைக் காக்கை உடனே வந்து எடுத்தது. அவர் வாய்விட்டு அழுதார். பிறகு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். பரங்கிக்காய்க் குழம்பில் உப்பே இல்லை. கீரை வாயில் வைக்க முடியாமல் கரித்தது. எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. ஒரு வருஷமாகக் காத்திருந்தவள், எல்லாரும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"இந்த வருசம் யாரும் வாய வெக்கல. அம்மாகூட உப்பு பாக்கல. நான் பாத்துகினே இருந்தேன்."

அத்தை கையிலிருந்த சோற்றை இலையில் போட்டுவிட்டாள். பெரியப்பா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார், எதையோ கேட்க வந்தவர் கேட்கவில்லை. அம்மா எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். என்னைக் கெட்டிக்காரி என்று யார் முதலில் சொல்லப்போகிறார்கள் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.